பராமரிப்பு இல்லத்தில் முதியோரின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் காப்பது எப்படி

பராமரிப்பு இல்லத்திற்குக் குடிவரும் முதியவர், அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு தாமாகச் செய்துவந்த பல காரியங்களை இனி மற்றவர் முன்னிலையிலும் மற்றவர் கையாலும் செய்துகொள்ள வேண்டியவராகிறார். குளியலும் உடை மாற்றுவதும் கழிப்பறையும் மட்டுமல்ல, உடல்நிலை, பணம், பிள்ளைகளோடு பேசும் பேச்சு ஆகியவையும் இதில் அடங்கும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991 டிசம்பர் 16 அன்று ஏற்றுக்கொண்ட முதியோருக்கான 18 கோட்பாடுகளில் ஒன்று, எந்தப் பராமரிப்பு இடத்தில் தங்கியிருந்தாலும் முதியவரின் கண்ணியம், நம்பிக்கைகள், தேவைகள், அந்தரங்கம் ஆகியவை முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும், தம் பராமரிப்பைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் கூறுகிறது. இந்த உரிமை கெட்ட எண்ணத்தால் மீறப்படுவது குறைவு. அவசரத்தாலும், நாள்தோறும் செய்து பழகிவிட்ட அலட்சியத்தாலும் மீறப்படுவதே அதிகம். ஆகவே ஒரு பணியைத் தொடங்கும் முன், இப்போது இவரை யார் பார்ப்பார்கள், யார் தொடுவார்கள், இவரைப் பற்றி யாருக்கு என்ன தெரியவரும் என்று எண்ணிப் பார்த்து, அவற்றில் அவருடைய விருப்பத்தைக் கேட்டறிவதைப் பணியின் முதல் படியாகவே கொள்ள வேண்டும்.

அறையின் கதவிலிருந்து தொடங்கலாம். அந்த அறை அவருடைய வீடு. கதவைத் தட்டி, பெயரையும் வந்த காரணத்தையும் சொல்லி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தட்டிய கையோடு கதவைத் திறப்பது, நுழையப்போகிறோம் என்று அறிவிப்பதே தவிர அனுமதி கேட்பதாகாது. காது கேளாதவராக இருந்தால், விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவதா, கண்ணில் படும்படி வாசலில் நிற்பதா என்று அவரோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். இரவில் எத்தனை முறை வந்து பார்க்க வேண்டும் என்பதையும் அவ்வாறே அவரோடு கலந்து பராமரிப்புத் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். இரவில் வந்து பார்க்கத் தேவையில்லாதவரின் உறக்கத்தைப் பெரிய விளக்கைப் போட்டுக் கலைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இருவர் தங்கும் அறையில் திரைச்சீலை கட்டிலை முழுவதுமாகச் சுற்றி மூட வேண்டும், இடையில் இடைவெளி தெரியக் கூடாது. ஆனால் திரை பார்வையை மறைக்குமே அன்றிக் குரலை மறைக்காது. மலம் கழித்தீர்களா என்ற கேள்வியும் மருத்துவரின் விளக்கமும் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும் என்பதால், அத்தகைய பேச்சை வேறு அறையில் வைத்துக்கொள்வதே முறை.

குளியலுக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. துண்டுகள், சோப்பு, மாற்றுடை, பேட், களிம்பு என எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் ஒன்றை எடுக்க ஓடுவதாலும், மற்றொரு ஊழியரை உள்ளே கூப்பிடுவதாலும்தான் பல நேரங்களில் கதவு திறந்து, உடையின்றி இருப்பவர் மற்றவர் கண்ணில் படுகிறார். ஆண் பராமரிப்பாளர் வேண்டுமா, பெண் வேண்டுமா என்பதை இல்லத்தில் சேரும் நாளிலேயே கேட்டுப் பதிந்து, பணிமுறைப் பட்டியலை அதற்கேற்பப் போட வேண்டும். இதைப் பிடிவாதம் என்று கருதும் போக்கு சில இல்லங்களில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் காத்துவந்த கூச்சத்தை முதுமையில் கைவிடும்படி ஒருவரைக் கேட்பது எவ்வகையிலும் சரியன்று.

உடம்பு முழுவதையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டிய அவசியம் ஏறக்குறைய எப்போதுமே இல்லை. பெரிய துண்டால் போர்த்திவிட்டு, கழுவ வேண்டிய பகுதியை மட்டும் விலக்கி, கழுவித் துடைத்து, மீண்டும் மூடிய பிறகே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். வயதானவர்களின் உடல் விரைவில் குளிர்ந்துவிடுவதால், இம்முறை மானத்தைக் காப்பதோடு நடுக்கத்தையும் தவிர்க்கிறது. அடுத்து எங்கே தொடப்போகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். கை இயங்குமானால், மறைவிடங்களைத் தாமே கழுவிக்கொள்ளத் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்து குளிப்பாட்டும்போது அவர்கள் தமக்குள் சொந்தக் கதை பேசிக்கொள்வது, நடுவில் இருப்பவரை ஒரு பொருளாக்கிவிடும். குளியலறைக்கு அழைத்துச் செல்லும்போதும் திரும்பும்போதும் நடைபாதையில் முதுகோ தொடையோ தெரியாதபடி முழு உடை இருக்க வேண்டும்.

கழிப்பறைக்கு உதவி கேட்டு மணியடித்தால் உடனே போக வேண்டும். ஆள் போதவில்லை என்பதற்காக, எழுந்து செல்லக்கூடிய ஒருவரை டயப்பரிலேயே போய்விடச் சொல்வது, இல்லங்களில் நடக்கும் மிகக் கொடிய அவமதிப்புகளுள் ஒன்று என்பேன். ஈரத்திலேயே கிடப்பதால் தோல் புண்ணாகும். கட்டுப்பாடு இருந்தவருக்கும் நாளடைவில் அந்தப் பழக்கம் போய்விடும். தனியாக உட்காரக்கூடியவரைக் கையெட்டும் தூரத்தில் மணியை வைத்துவிட்டு உள்ளே விட்டு, கதவுக்கு வெளியே நிற்க வேண்டும்; விழும் அபாயம் உள்ளவர் என்றால் அருகிலேயே இருந்து பார்வையை மட்டும் விலக்கிக்கொள்ளலாம். டயப்பர் கட்டுகளை அலமாரிக்குள் வைப்பதும், சிறுநீர்ப் பைக்குத் துணி உறை போடுவதும் சிறிய வேலைகளே. அவை செய்யப்படாத இடத்தில், பார்க்க வரும் பேரப்பிள்ளையின் கண் முதலில் அங்கேதான் போகும். பார்வையாளர் வருவதற்கு முன் பல்செட், கண்ணாடி, காதுக் கருவி ஆகியவற்றை அணிய உதவுவதும், சீவிய தலையோடும் கறையில்லாத உடையோடும் அவர் அமர்ந்திருக்கச் செய்வதும் இதைச் சேர்ந்தவையே.

மறதி நோய் உள்ளவர் குளிக்க மறுத்துக் கையை ஓங்கும்போது அதை முரட்டுத்தனம் என்று எழுதி வைப்பது எளிது. முன்பின் தெரியாத ஒருவர் தம் உடையைக் களைய வருவதாக அவருக்குத் தோன்றினால், தடுப்பது இயல்பான செயல்தான். நினைவு போனாலும் பலருக்குக் கூச்சம் போவதில்லை. உடனடித் தேவை இல்லையென்றால் நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் கழித்து வரலாம்; அவருக்குப் பழக்கமான முகமுள்ள ஒருவரை அனுப்பலாம்; குளியலறை ஓசையும் குளிரும் அவரை மிரட்டுகின்றன என்றால், படுக்கையிலேயே போர்வைக்குள் வெதுவெதுப்பான ஈரத் துண்டுகளால் துடைத்துவிடலாம். தம் பணக் கணக்கைப் பார்க்க இயலாதவரால், தம்மை யார் குளிப்பாட்ட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். ஒன்றில் முடிவெடுக்க இயலாமல் போனதைக் காரணம் காட்டி எல்லாவற்றிலும் அவர் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது.

பேசும் முறையும் இதில் அடங்கும். எல்லோரையும் தாத்தா, பாட்டி என்றோ, குழந்தையைக் கொஞ்சுவது போல ஒருமையிலோ கூப்பிடாமல், எப்படி அழைத்தால் பிடிக்கும் என்று கேட்டு அப்படியே அழைக்க வேண்டும். உடன் வந்திருக்கும் மகனைப் பார்த்து, ‘அப்பா இன்று சாப்பிட்டாரா?’ என்று கேட்பதைத் தவிர்த்து, அப்பாவையே கேட்க வேண்டும். முதுமையில் பெரும்பாலும் கூர்மையான, உயர்ந்த சுருதியிலான ஒலிகளே முதலில் கேட்காமல் போகின்றன. ஆகவே தூரத்திலிருந்து கீச்சுக்குரலில் கத்துவதால் பயனில்லை, சங்கதி மட்டும் கூடம் முழுவதும் பரவும். அருகே சென்று, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சற்றே தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பேசினால் அவருக்கும் கேட்கும், இரகசியமும் நிற்கும்.

ஷிப்ட் மாறும்போது விவரம் சொல்லும் பேச்சு கதவடைத்த அறையில் நடக்க வேண்டும். கட்டில் தலைப்பில் நோயின் பெயரை எழுதி ஒட்டுவதற்குப் பதிலாக, விழுங்குவதில் சிரமம், விழும் அபாயம் போன்ற அவசியமானவற்றை ஊழியர் மட்டும் அறிந்த குறியீடுகளால் காட்டலாம். மருத்துவக் குறிப்புகள் பூட்டிய இடத்திலோ கடவுச்சொல் உள்ள கணினியிலோ இருக்கட்டும். பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது; யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதை முதியவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு வரும் கடிதத்தை அவர்தான் பிரிக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் அங்கேயே வசித்தால், அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ள எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

கைப்பேசியின் கேமரா இன்று பெரிய ஆபத்தாகியிருக்கிறது. அன்போடு எடுத்த பிறந்தநாள் படமாயினும், எடுப்பதற்கு ஒரு முறையும் வெளியிடுவதற்கு மற்றொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போன படத்தைப் பின்னர் நீக்கினாலும், அதற்குள் மற்றவர் சேமித்துவிட்ட பிரதிகளைத் திரும்பப் பெற வழியில்லை. புண்ணின் நிலையைப் பதிவு செய்யப் படம் எடுக்க நேர்ந்தால், சம்மதம் பெற்று, ஊழியரின் சொந்தக் கைப்பேசியில் அல்லாமல் இல்லத்தின் கருவியிலேயே எடுக்க வேண்டும். கண்காணிப்புக் கேமராக்களை வாசலிலும் நடைபாதையிலும் வைக்கலாம், குளியலறையிலும் கழிப்பறையிலும் ஒருபோதும் வைக்கக் கூடாது. படுக்கையறையில் வைக்கப் பிள்ளைகள் விரும்பினாலும், முதியவரின் சம்மதமும் உடன் தங்குபவரின் சம்மதமும் இன்றி வைக்க இடமில்லை.

இவை நடைமுறைக்கு வருவது பெரிதும் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஒருவரைக் குளிப்பாட்டப் போதிய நேரம் ஒதுக்காமல், கண்ணியத்தைப் பற்றி வகுப்பு எடுப்பதால் பலன் இருக்காது. முதியவர் குறை சொல்ல விரும்பினால், தம்மை நாளைக் காலை குளிப்பாட்டப்போகிறவரிடமே அதைச் சொல்ல வேண்டிய நிலை இருக்கக் கூடாது. நேரடிப் பராமரிப்பில் இல்லாத ஒருவரைக் குறை கேட்க நியமித்து, தனி அறையில் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு, என்ன செய்யப்பட்டது என்பதை முன்பே சொன்ன தேதிக்குள் அவரிடமே தெரிவிக்க வேண்டும்; விசாரணை முடியும்வரை, குற்றம் சாட்டப்பட்ட ஊழியரை அந்த முதியவரின் அறைப் பணிக்கு அனுப்பக் கூடாது.