‘எல்லை’ என்று எழுதுவதற்கு முன்னால்

ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பத்தொன்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பெரும்பாலும் இரவுப் பணி. ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு, பக்கம் முடியும் நேரத்தில், ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே உள்ள வாசலான தோர்கமில் துப்பாக்கிச் சண்டை என்று ஏஜென்சி செய்தி வந்தது. ‘பாக். எல்லைக்குள் ஆப்கன் படை ஊடுருவல்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. “யாரு சொன்ன எல்லைம்மா அது?” என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம்தான் இந்தச் செய்திகளை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். காலனி ஆட்சி கோடு போட்டுவிட்டுப் போன எந்தப் பகுதிக்கும் இந்த முறை உதவும். ஆனால் ஓர் இடத்தை நன்றாகத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை பிடிபடும். அதனால் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். எத்தனை பேர் இறந்தார்கள், யார் முதலில் சுட்டார்கள் என்பதெல்லாம் அப்புறம். இரண்டு நாடுகளையும் பிரிக்கும் கோட்டுக்குப் பேசுகிறவர் என்ன பெயர் சொல்கிறார்? இஸ்லாமாபாத் ‘சர்வதேச எல்லை’ என்கிறது. காபூல், 1893ல் கோடு போட்ட பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரால், ‘டுராண்ட் கோடு’ என்கிறது. கோபம் வந்தால் ‘கற்பனைக் கோடு’. ஒரு பென்சிலை எடுத்து இந்தச் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். செய்தியில் பாதி அங்கேயே இருக்கிறது.

2025 அக்டோபரில் இது கண்ணெதிரே நடந்தது. பல நாள் சண்டைக்குப் பிறகு தோஹாவில் கத்தாரும் துருக்கியும் நடுவில் இருந்து போர்நிறுத்தம் செய்துவைத்தார்கள். கத்தார் வெளியுறவு அமைச்சகம் அறிக்கை விட்டது: இரு சகோதர நாடுகளுக்கு இடையிலான எல்லையில் பதற்றம் தணிய இது உதவும் என்று. காபூல் ஆட்சேபித்தது. திருத்திய அறிக்கையில் ‘எல்லை’யைக் காணோம். மற்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நான் இரண்டையும் அச்செடுத்து மேலும் கீழும் வைத்து, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு சொல் போயிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு 132 வருட வயது.

ஆட்களுக்கு வைக்கும் பெயரையும் இப்படியே பாருங்கள். காபூலை ஆளும் தலிபான்கள் தங்களை ‘இஸ்லாமிய அமீரகம்’ என்கிறார்கள். உறவு கெட்டதும் பாகிஸ்தான் அறிக்கைகள் அவர்களை ‘தலிபான் ஆட்சிக்கும்பல்’ என்கிற தொனியில் குறிப்பிட ஆரம்பித்தன. பாகிஸ்தானுக்குள் அரசை எதிர்த்துத் தாக்குதல் நடத்தும் தெஹ்ரீக்-ஏ-தலிபான் அமைப்பை 2024 முதல் பாகிஸ்தான் அரசு ‘ஃபித்னா அல் கவாரிஜ்’ என்கிறது. இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டில் சமூகத்தை விட்டு விலகிக் கலகம் செய்தவர்களின் பெயர்தான் ‘கவாரிஜ்’. எதிரியும் மதத்தின் பெயரால் பேசுகிறான். அதனால் அவனை மதத்துக்கு வெளியே நிறுத்த அந்தப் பெயர். தமிழில் ‘பயங்கரவாதிகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இது முழுக்கப் போய்விடும்.

அடுத்து, எந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1893 நவம்பர் 12. இடம் காபூல். ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலாளர் மார்ட்டிமர் டுராண்ட். இன்னொரு பக்கம் ஆப்கன் மன்னர் அமீர் அப்துர் ரஹ்மான் கான். அமீருக்கு பிரிட்டிஷார் வருடம் 12 லட்சம் ரூபாய் கொடுத்துவந்தார்கள். ஒப்பந்தத்தில் அது 18 லட்சம் ஆனது. அவர் ஆயுதம் வாங்கி இறக்குமதி செய்வதற்கும் தடையில்லை என்றார்கள். பதிலுக்கு, வரைபடத்தில் போட்ட கோட்டுக்கு இந்தியப் பக்கம் அவர் தலையிடக் கூடாது. இவ்வளவு பெரிய சண்டைக்கு மூலமான அந்த ஒப்பந்தம் மொத்தமே ஏழு பிரிவுதான். அங்கே வாழும் பஷ்தூன் இனத்தவரின் ஊர்களும் மேய்ச்சல் நிலங்களும் அதில் இரண்டாயின. இன்று ஆப்கானிஸ்தானைவிடப் பாகிஸ்தானில்தான் பஷ்தூன்கள் அதிகம்.

இதே காகிதத்தை இரண்டு தரப்பும் இரண்டு விதமாக வாசிக்கின்றன. ‘தலையிடக் கூடாது’ என்றால் யாருடைய செல்வாக்கு எதுவரை என்றுதான் அர்த்தம், மண்ணைக் கொடுத்ததாக ஆகாது என்பது காபூலின் வாதம். அப்புறம், கையெழுத்துப் போட்ட பிரிட்டிஷ் இந்தியாவே இன்று இல்லையே என்றும் கேட்கிறார்கள். பாகிஸ்தானின் பதில் இது: 1919லும் 1921லும் போட்ட ஒப்பந்தங்களில் ஆப்கன் அரசு இதே கோட்டை மறுபடி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆட்சி மாறினாலும் எல்லை மாறாது. பிரிட்டிஷ் இந்தியாவின் வாரிசு நாங்கள். சட்டப்படி பாகிஸ்தானின் கை ஓங்கியிருக்கிறது என்பதே என் எண்ணம். விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளும் 1964ல் கெய்ரோவில் கூடி, காலனிக்காரன் போட்ட கோடுகளையே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தன. சோமாலியாவும் மொராக்கோவும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு நாடுகளின் எல்லைச் செய்திகள் பின்னால் எவ்வளவு வந்தன என்பது டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் சட்டத்தோடு நிறுத்தினால் அந்த மக்களின் ஆற்றாமை புரியாது. அதனால் மூன்றாவது கேள்வி: முடிவெடுத்தபோது கேட்கப்படாமல் விடப்பட்டவர் யார்? 1947 ஜூலையில், இந்தக் கோட்டை ஒட்டிய வடமேற்கு எல்லை மாகாணத்தில் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். இந்தியாவா, பாகிஸ்தானா என்று இரண்டே வாய்ப்பு. பஷ்தூன்களுக்குத் தனியாகப் பஷ்தூனிஸ்தான் என்று மூன்றாவது வேண்டும் என்று கேட்ட கான் அப்துல் கஃபார் கானின் இயக்கம் வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. நம் பள்ளிப் பாடத்தில் அவர் ‘எல்லை காந்தி’. எந்த எல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம்? அதே வருடம் செப்டம்பர் 30 அன்று ஐ.நா.வில் பாகிஸ்தானைச் சேர்ப்பதற்கு எதிராக வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். அடுத்த மாதமே அந்த வாக்கைத் திரும்பப் பெற்றது. ‘முஸ்லிம் நாடுகள்’ என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டும் தலைப்பைப் பார்த்தால் இந்த வாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மன்னர், குடியரசு, கம்யூனிஸ்ட், தலிபான் என்று காபூலில் ஆட்சிகள் மாறின. 1949ல் ஆப்கன் சபை பழைய ஒப்பந்தங்கள் செல்லாது என்று அறிவித்ததற்குப் பின் வந்த எந்த ஆட்சியும் இந்தக் கோட்டை முறைப்படி ஏற்கவில்லை. மதம் ஒன்றாக இருப்பது இதைத் தீர்க்கவில்லை.

நான்காவது, கேட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தோர்கம், சமன் என்று இரண்டு பெரிய வாசல்கள். அறிக்கைகளை விட லாரிகள் அதிகம் சொல்லும். 1961ல் உறவு முறிந்து வாசல் மூடியபோது ஆப்கன் திராட்சையும் மாதுளையும் அறுவடைக்கு வந்திருந்தன. சோவியத் யூனியன் பழத்தை வாங்கிக்கொள்ள முன்வந்தது. காபூல் மாஸ்கோவின் பக்கம் இன்னும் சாய்ந்தது. 1963ல் ஆப்கன் பிரதமர் தாவூத் பதவி விலகி, ஈரான் ஷா நடுவில் வந்த பிறகுதான் வாசல் திறந்தது. பழம் அழுகும் வேகத்தில் வெளியுறவுக் கொள்கை மாறுகிறது. நம் சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்தின் பிசினும் பெரும்பகுதி ஆப்கன் மலைகளிலிருந்து வருவதுதான். அந்த வாசல் மூடினால் மளிகைக்கடை வரை தெரியும்.

சமனில் இன்னொன்று. தலைமுறைகளாக அங்கே உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் காலையில் போய்ச் சாயங்காலம் வருவார்கள். வீடு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். 2023 நவம்பரிலிருந்து பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயம் என்றது பாகிஸ்தான். சமன் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், மாதக்கணக்கில். நம் பத்திரிகைகளில் அது ஒரு பத்திகூட வந்ததாக நினைவில்லை. குண்டு வெடித்திருந்தால் வந்திருக்கும். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் எல்லைச் செய்தி எழுதுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வாசலில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. ஈரானுக்கும் ஈராக்குக்கும் நடுவில் ஓடும் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் ஷத் அல்-அரப், பாரசீகத்தில் அர்வந்த் ரூத். 1937ல் ஓர் ஒப்பந்தம், 1975ல் அல்ஜியர்ஸில் இன்னொன்று. 1980 செப்டம்பர் 17 அன்று சதாம் உசேன் அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். 22ஆம் தேதி போர் தொடங்கியது. இந்த நான்கு கேள்விகளையும் அதில் போட்டுப் பாருங்கள். ஒரு பழைய நோட்டில் இரண்டு பத்தி பிரித்து, இடப்பக்கம் ஒருவர் சொல்லும் பெயர், வலப்பக்கம் மற்றவர் சொல்லும் பெயர் என்று எழுதிவாருங்கள். என் நோட்டில் முதல் வரி இப்படி இருக்கிறது: ‘எல்லை / டுராண்ட் கோடு. செய்தியில்: டுராண்ட் கோட்டை ஒட்டிய தோர்கமில்.’ அந்த ஆசிரியருக்குத் திரும்பக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டினேன். “இப்ப சரிம்மா” என்றார்.