சென்னையில் நாயோடு வெளியே போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெசன்ட் நகர் கடற்கரையாக இருக்கட்டும், ஈசிஆரில் நாய்களை அனுமதிக்கும் கஃபேயாக இருக்கட்டும், அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடக்கும் நாய்ப் பிறந்தநாளாக இருக்கட்டும், காரியம் கெடுவது பெரும்பாலும் உள்ளே போன பிறகு அல்ல. கிளம்பும் நேரத்தைக் குறிக்கும்போதும் வாசலில் நிற்கும் முதல் பத்து நிமிடத்திலும்தான் கெடுகிறது.

முதலில் நேரம். மாலை நான்கு மணி நமக்கு வசதி, நாய்க்கு ஆகாது. நாய்க்குப் பாதத்தில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் உடம்புச் சூடு இறங்கும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. வெயில் தாழ்ந்துவிட்டதே என்று நாம் நினைக்கும் நேரத்திலும் நாய் திணறுவது இதனால்தான். பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இரட்டைச் சுமை. கோடையில் காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் இருட்டிய பிறகு கிளம்புங்கள். தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அது பாதத்தையும் சுடும். 20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். குடிக்க ஒரு பாட்டில், உடம்பில் ஊற்ற ஒரு பாட்டில் எனக் கொண்டு போங்கள். சொந்தக் கிண்ணமும் வேண்டும், பொதுக் கிண்ணத்தில் நாய்க்கு நாய் பரவும் கென்னல் இருமல் சுலபமாகத் தொற்றும்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் ஆபத்து. ஈறு செங்கல் நிறமாகச் சிவக்கும், எச்சில் கெட்டியாகிக் கம்பியாக ஒழுகும், பின்னங்கால் தள்ளாடும். உடனே காரில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓடுவதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எங்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடக் கூடாது. சற்று நேரத்தில் அது போர்வையைப் போலச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது அடுத்த தவறு. கடைசித் தவணை 16 வார வயதில் வரும், அதற்குப் பிறகும் இரண்டு வாரம் பொறுங்கள். கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைத் தேக்கத்தில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், பெரிய நாய்க்கும் அந்த ஊசியை மழைக்கு முன்பே புதுப்பித்துவிட வேண்டும். ரேபிஸ் ஊசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் கைபேசியில் இருக்கட்டும். இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாயை மூன்று வாரத்துக்குக் கூட்டம் பக்கமே கொண்டு வராதீர்கள்.

அடுத்தது வாசல். கயிறு விறைத்திருக்க, இரண்டு நாய்களை நேருக்கு நேர் நிறுத்தி ‘ஹலோ சொல்லு’ என்பார்கள். நாய்களின் வழக்கத்தில் அது முறைப்பு. விலக இடமில்லாத நாய் உறுமத்தான் செய்யும். பத்தடி இடைவெளியில் இரண்டையும் ஒரே திசையில் ஐந்து நிமிடம் பக்கவாட்டில் நடத்துங்கள். உடம்பு இளகியதும் பின்பக்கத்தை மோந்து பார்க்க மூன்று விநாடி விட்டு, கூப்பிட்டு விலக்குங்கள். நீண்டு சுருங்கும் கயிறு வேண்டவே வேண்டாம், ஆறடிக் கயிறு போதும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களுக்குக் கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே பருமன். பின்னால் ஓர் எட்டு வைத்தால் சாதாரணப் பட்டை கழன்று கையோடு வந்துவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் அவற்றுக்குச் சரி.

உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, வெள்ளைவிழி தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, இவையெல்லாம் ‘எனக்குப் போதும்’ என்பதற்கான அடையாளங்கள். வால் ஆடுகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், விறைத்த உடம்போடு ஆடும் வாலும் உண்டு. முதல் தடவை அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். சண்டை மூண்டால் கழுத்துப் பட்டைக்குள் கை விடக் கூடாது, கடி விழுவது பெரும்பாலும் அந்தக் கையில்தான். பக்கெட் தண்ணீரை வீசுங்கள் அல்லது நடுவில் நாற்காலியை நுழையுங்கள். மனிதரைக் கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தடுப்பூசியை அன்றே தொடங்க வேண்டும். ‘வீட்டு நாய்தானே’ என்று தள்ளிப்போடக் கூடாது.

தீனி விஷயத்தில் நம் வீட்டுப் பலகாரம்தான் வில்லன். கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணியில் வெங்காயம், பூண்டோடு வெந்த எலும்பும் இருக்கும். அந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சர்க்கரை இல்லாத வேர்க்கடலை வெண்ணெயில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருந்தால் சிறிதளவே உயிருக்கு ஆபத்து. நாய்களை அவிழ்த்துவிட்டிருக்கும் இடத்தில் தீனியையும் பந்தையும் வெளியே எடுக்காதீர்கள்.

கடற்கரைக்குப் போனால், ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவிலும் விடியற்காலையிலும் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரைக்கும் அதற்கு அப்பாலும் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம் அது. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், மோப்பம் பிடித்த நாய் சில நிமிடத்தில் தோண்டிவிடும். நாய் கடல் தண்ணீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு உறுதி. வலைத்துண்டும் தூண்டில் முள்ளும் மணலில் கிடக்கும், வலை இழுக்கும் இடத்தைத் தாண்டிப் போய் நடக்க விடுங்கள்.

வீடு வந்ததும் காது மடல், விரலிடுக்கு, பட்டைக்கு அடியில், வால் அடி என்று விரலால் தடவி உண்ணி தேடுங்கள். மிளகு போலத் தட்டுப்பட்டால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெயோ மண்ணெண்ணெயோ வைக்காதீர்கள், நசுக்கவும் வேண்டாம். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, மூக்கில் ரத்தம் எது வந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.