ஊர்ப் பந்தாட்டச் சண்டைகளைப் பதிவு செய்வது எப்படி: ஒரு பழைய லைன்மேன் சொல்கிறேன்

நீரோடி தமிழ்நாடு, அதை ஒட்டிய பொழியூர் கேரளம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நடுவில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டால் இந்தக் கரையில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை, கால்பந்துப் பகையும் நிற்கவில்லை. மைத்துனன் எதிர் அணியில் பேக் ஆடுவான், இவன் ஃபார்வர்டு. ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு விருந்தில் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள்.

நான் இந்தக் கரை ஊர்களில் பல வருஷம் லைன்மேனாக, அதாவது கோட்டோரம் நின்று ஆஃப்சைடு பார்க்கும் துணை நடுவராக, கொடி பிடித்தவன். அதனால் எந்த ஊரும் என்னை நம்பாது. ஆனால் எல்லா ஊரும் என்னிடம் பேசும், திட்டுவதற்காகவாவது பேசும். அந்த வசதியை வைத்துத்தான் பழைய ஆட்டங்களைப் பற்றி ஆட்களிடம் கேட்டுப் பதிவு செய்கிறேன். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்குப் போன பொழியூர்ப் பையன்களைப் பற்றியும், எங்கள் கரையிலிருந்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன மைக்கேல் சூசைராஜைப் பற்றியும் பேப்பரில் வந்துவிடும். திருவிழாக் கோப்பைக்காக இரண்டு ஊர் மோதியதை யாரும் எழுதுவதில்லை. உங்கள் ஊரிலும் இதே கதையாகத்தான் இருக்கும். செய்ய நினைத்தால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் காலம். எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். மேற்குக் கரையில் தமிழ்நாட்டுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்து விசைப்படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி அதே ஜூலை 31 வரை, 52 நாள். இரண்டும் ஒன்றாக வருகிற நாட்கள்தான் உங்களுக்கு அறுவடை. ஆள் கரையில் இருப்பான், வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பான், கை வேலையில் இருப்பதால் வாய் சும்மா இருக்கும். திருவிழா சமயத்தில் போகாதீர்கள். எல்லோரும் ஊரில் இருப்பார்கள், ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்.

அடுத்தது, யாரிடம் போவது. கோல் அடித்தவனிடம் கடைசியாகப் போங்கள். அவன் அந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லி மெருகேற்றி வைத்திருப்பான், ஒவ்வொரு வருஷமும் பந்து இன்னும் இரண்டடி கூடுதல் தூரத்திலிருந்து உள்ளே போகும். முதலில் கோலியிடம், அதாவது கோல்கீப்பரிடம் போங்கள். வாங்கிய கோலை எந்தக் கோலியும் மறப்பதில்லை. எந்த மூலை, எந்தக் கால், பந்து மண்ணில் குத்தி எப்படித் திரும்பியது, எந்த பேக் அவனை மறைத்தான், எல்லாம் சொல்வார். தடுத்ததைக் கேட்டால் "அது கெடக்கு" என்று விட்டுவிடுவார்.

அப்புறம் பெண்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இந்த ஊரில் பிறந்து அந்த ஊரில் வாக்கப்பட்டவர்கள் தேடிப் பிடிக்க வேண்டிய சாட்சிகள். அண்ணன் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். யாருக்குக் கை தட்டினார்கள் என்று நேராகக் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். "அன்னைக்கு ராத்திரி வீட்ல என்ன சமையல்?" என்று கேளுங்கள். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று ஒரு கணக்கு உண்டு. நமக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஆனாலும் ஜெயித்த வீட்டில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் பத்துப் பேருக்குச் சேர்த்து வெந்திருக்கும், தோற்ற வீட்டில் சட்டி அப்படியே மூடிக் கிடந்திருக்கும். அடிபட்ட முட்டிக்கு எண்ணெய் போட்டவர்களும் அவர்கள்தான். எந்தக் கால், எத்தனை நாள் நொண்டினான் என்பதில் ஆட்டக்காரனைவிட அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

கேள்வி கேட்பதில் ஒரு விஷயம். "ஸ்கோர் என்ன?" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். எண்ணைக் கேட்டால் மனுஷன் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி ஆகிவிடுகிறான், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொள்வான். நான் கேட்பது வேறு.

"பெரியப்பா, அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு எந்த வழியா வீட்டுக்கு வந்தீங்க?"

"வழியா? வள்ளத்துல ஏறி வந்தோம் மக்களே. ரோட்டுல வந்தா அவனுவ சும்மா விடுவானுவளா?"

இதில் எல்லாம் கிடைத்துவிட்டது. ஜெயித்தது யார், எதிர் ஊரில் ஆடினார்கள், பகை எந்த அளவில் இருந்தது, கடல் அன்று அமைதியாக இருந்தது. வள்ளத்தில் யார் யார் இருந்தார்கள் என்று அடுத்துக் கேட்டால் அணியின் பாதிப் பெயர் வந்துவிடும். ஸ்கோர் கடைசியில் தானாக வரும்.

இளைஞர்களுக்கு வேறு கொக்கி வேண்டும். அவர்களிடம் 2014 ஐ.எஸ்.எல். அரையிறுதியில் தொடங்குங்கள். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் 3-0. டிசம்பர் 16-ஆம் தேதி சென்னையில் சென்னையின் அணி மூன்று கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. கூடுதல் நேரத்தில், 117-ஆம் நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார், மொத்தத்தில் 4-3, பிளாஸ்டர்ஸ் இறுதிக்குப் போனது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டு பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை போடுகிறவர்கள் ஏராளம், சென்னை அணியின் நீலமும் உண்டு, ஒரே வீட்டில் இரண்டும் உண்டு. அன்று டிவி எந்த வீட்டில் ஓடியது, யார் எழுந்து வெளியே போனது என்று ஆரம்பித்தால் பையன்கள் தானாகவே சொந்த ஊர் ஆட்டத்துக்கு வந்துவிடுவார்கள். இந்த மாதிரிப் பெரிய ஆட்டத்தில் இன்னொரு லாபம், பேப்பரோடு ஒத்துப் பார்க்கலாம். யாருடைய ஞாபகம் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். பெனால்டி ஷூட்அவுட்டில் போனது என்று என்னிடம் சத்தியம் பண்ணியவர்கள் இருக்கிறார்கள்.

வருஷம் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. "எந்த வருஷம்?" என்றால் யாருக்கும் தெரியாது. முளை அடித்துக் கேளுங்கள். மாரடோனா கையால் கோல் போட்ட உலகக் கோப்பைக்கு (1986) முந்தியா பிந்தியா? சுனாமிக்கு (2004) முந்தியா? உங்க மூத்த மகளுக்கு ஆதிநன்மை (கோயிலில் முதல் நற்கருணை) கொடுத்தாச்சா? இரண்டு முளைக்கு நடுவில் கொண்டுவந்துவிட்டால் போதும். அப்புறம் திருவிழா நோட்டீஸ், கோப்பையின் அடியில் பொறித்த எழுத்து, மைக் செட்காரர் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம், இதையெல்லாம் தேடலாம். சுழற்கோப்பை கடைசியாக யார் வீட்டு அலமாரியில் தங்கியது என்று விசாரித்தால் அதுவே தனிக் கதை.

முடிந்தவரை ஆளை ஆட்டம் நடந்த இடத்துக்கே கூட்டிப் போங்கள். எங்கள் கரையில் ஒரு சிக்கல், பல மைதானங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. அரிப்புத் தடுக்கப் போட்ட கல்லின் மேல் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. ஒரு முன்னாள் கோலி அப்படி நின்று, தண்ணீருக்குள் கையைக் காட்டி, "அந்தா, அந்த அலை உடையுதுல்லா, அதுதான் வடக்குப் போஸ்டு" என்றார். பிறகு அங்கிருந்து அளந்து, பெனால்டி அடித்த இடம் இது, கூட்டம் நின்ற இடம் இது என்று கல்லுக்குக் கல் நடந்து காட்டினார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இதில் பாதி வந்திருக்காது. ஒரு தாளில் வரைபடமாக அவர் கையாலேயே போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கல்லின் மேல் வைத்து ரெக்கார்டு பண்ணாதீர்கள், காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். கரையேற்றி வைத்த வள்ளத்தின் மறைவில், காற்று வராத பக்கமாக உட்காருங்கள். போனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். வீட்டுக்குள் என்றால் ஃபேனை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் உங்கள் குரலில் தேதி, இடம், பேசுகிறவர் யார் என்று சொல்லுங்கள். "சரி, அவ்வளவுதான்" என்று அவர் சொன்னதும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால்தான் நல்ல கதை வரும் என்பது இந்த வேலையின் சாபம், டீ வருகிறவரை ஓடட்டும். ஓடுகிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய போட்டோ கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். உப்புக்காற்றில் படம் கண்ணாடியோடு வந்துவிடும். வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் அப்படியே எடுங்கள். தலைகளுக்கு எண் போட்டுப் பெயர் எழுதுவது தனித் தாளில், போட்டோவின் மேல் பேனா படவே கூடாது.

சண்டை வரும் இடங்களைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, இந்த ஊர் சொல்வது இடப்பக்கம், அந்த ஊர் சொல்வது வலப்பக்கம் என்று எழுதுங்கள். இரண்டு ஊர்க்காரர்களிடமும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். முதல் தடவையே சேர்த்து உட்காரவைத்தால் சத்தம் பெரிய ஆளுடைய ஞாபகம் மட்டும்தான் மிஞ்சும். நான் கொடி தூக்கி ரத்தான ஒரு கோல் இருக்கிறது. இடப்பக்கத்தில் "லைன்மேன் காசு வாங்கினான்" என்றும், வலப்பக்கத்தில் "கடவுளாப் பார்த்துத் தூக்கின கொடி" என்றும் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். அது ஆஃப்சைடு. கடைசி பேக்கைத் தாண்டி ஒரு முழம் முன்னால் நின்றான். அதையும் அடியில் சின்னதாக எழுதியிருக்கிறேன், எழுதுகிறவனுக்கு அந்த அளவு உரிமை உண்டு.

அடிதடி நடந்த ஆட்டங்களில் கவனம் வேண்டும். அடித்தவர் பெயரை அடிபட்டவர் சொல்வார். அந்த ஆள் சம்மதிக்காமல் பெயரைப் போடாதீர்கள், "ஒருவர்" என்று எழுதினால் ஊருக்குத் தெரிந்துவிடும், அது போதும். எங்கள் ஆட்கள் பலரைக் கடலில் கொண்டுபோன ஒக்கிப் புயலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எங்கள் கரையில் பல அணிகளின் பெயர்ப் பட்டியல் முழுசாக இல்லை. போட்டோவில் ஒரு தலையின் மேல் விரலை வைத்துவிட்டு ஆள் பேச்சை நிறுத்தினால், அடுத்த தலைக்குப் போங்கள். அந்தப் பையனைப் பற்றி அவன் வீட்டில் கேட்பதற்கு முன்னால் ஊரில் பெரியவர் யாரையாவது விட்டு, கேட்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது அவன் ஆடுகிற படம் இருந்தால் ஒரு பிரதி பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள், கேள்வித்தாள் வேண்டாம்.

எழுதி முடித்ததும் சொன்னவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பேசின பேச்சை நூல் தமிழுக்கு மாற்றாதீர்கள், பொழியூர்க்காரர் பாதி மலையாளத்தில் சொன்னால் அப்படியே இருக்கட்டும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் போட்டு ஊருக்கு ஒன்றாகக் கொடுங்கள். புத்தகமாகப் போடுவதானால் யார் சொன்னது முதல் பக்கத்தில் வரவேண்டும் என்று அதற்கும் ஒரு சண்டை வரும். டாஸ் போட்டுக்கொள்ளுங்கள். நாணயத்தை நடுநிலையான ஆள் யாராவது சுண்டட்டும், என்னைக் கூப்பிடாதீர்கள்.