கேம் காப்பியும் சொந்த சர்வரும்: எங்கே சறுக்குகிறோம்

தை அறுவடை சமயம் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தான். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனிடம் பெரும்பாலும் வருவது புகைந்துபோன எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை, இல்லையென்றால் காபி கொட்டிய லேப்டாப். இவன் கையை வீசிக்கொண்டு வந்தான். கொண்டுவந்தது ஒரு சந்தேகம்.

"அண்ணே, வீட்டுல பழைய சிஸ்டம் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அதுல கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 சர்வர் போட்டு ஓட்டறேன். பத்தொம்பது பேரு வெளையாடறாங்க. ஒருத்தன் போலீஸ் வரும்ங்கறான். இன்னொருத்தன், நீ என்ன காசா வாங்குற, ஒண்ணும் ஆவாதுங்கறான்."

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. பலர் நெட்டில் சேர்ந்து விளையாட வழிசெய்யும் சர்வர் போட்டது குற்றமே இல்லை. அந்த கேமுக்கான சர்வர் புரோகிராமை, கேமின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனமே இலவசமாகக் கொடுக்கிறது. வீட்டில் ஓட்டிக்கொள்ளத்தான் கொடுக்கிறது. மைன்கிராஃப்ட் கேமும் அப்படித்தான். இது தெரியாமல், சொந்த சர்வர் என்றாலே திருட்டு என்று பயந்து ஒதுங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு தவறுதான், ஆனால் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்காத தவறு.

"சரி, வெளையாடறவங்களுக்கு கேம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான்தாண்ணே. முழு ஃபோல்டரையும் ஜிப் பண்ணி டிரைவ்ல போட்டு லிங்க் குடுத்தேன்."

வழுக்குகிற படி இதுதான். ஒரு ஆன்லைன் கேமில் மூன்று சமாச்சாரம் இருக்கிறது. விளையாடுபவரின் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் ஒன்று. அதற்குள் இருக்கும் படங்கள், இசை, மேப்புகள் இன்னொன்று. அந்தப் புரோகிராமோடு நெட் வழியாகப் பேசுகிற சர்வர் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொள்வதால்தான் முக்கால்வாசிக் குழப்பம். மூன்றாவதை நீங்களே எழுதலாம், அல்லது கம்பெனியே தரலாம். முதல் இரண்டும் கம்பெனியுடையவை. அவற்றை ஊருக்கு வாரி வழங்கும் உரிமை வாங்கியவருக்குக் கிடையாது.

டெல்டாக்காரருக்கு இதை விளக்க ஒரு சொல் போதும்: குத்தகை. கேமைக் காசு கொடுத்து வாங்கினாலும் நமக்குக் கிடைப்பது பட்டா இல்லை, பயன்படுத்தும் உரிமம்தான். உழலாம், நடலாம், அறுக்கலாம். வயலை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. "நாந்தான் ஒரிஜினல் வாங்கியிருக்கேனே" என்று சொல்பவர்கள் மறப்பது இதைத்தான்.

சட்டம் நமக்குக் கொஞ்சம் இடமும் விட்டிருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவு. முறையாக வாங்கியவர், மூலப் பிரதி கெட்டுப்போனால் உதவட்டும் என்று ஒரு பேக்கப் எடுத்து வைக்கலாம். சொந்தமாக, வியாபார நோக்கமில்லாமல் பயன்படுத்தவும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். 'சொந்தமாக' என்பதில் பத்தொன்பது நண்பர்கள் அடங்க மாட்டார்கள். பங்காளிகளே அடங்க மாட்டார்கள்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. இதே ஊரில் பிரௌசிங் சென்டர் நடத்திய காலத்தில் எட்டு சிஸ்டம் வைத்திருந்தேன். எட்டிலும் ஜிடிஏ வைஸ் சிட்டி கேம் இருந்தது, எல்லாம் ஒரே சிடியிலிருந்து. அந்த சிடியின் மேல் பச்சை மார்க்கரில் 'ஜிடிஏ' என்று நானே எழுதியிருந்தேன், கவர்கூட கிடையாது. மணிக்கு இவ்வளவு என்று வாங்கிய காசில் அதற்கும் பங்குண்டு. திருட்டு விசிடிக்கு குண்டர் சட்டம் என்று தமிழ்நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். குண்டர் சட்டத்தில் 2004-இல் வந்த அந்தத் திருத்தம் சினிமாவைக் காக்க வந்தது. கேமுக்கும் ஒரு சட்டம் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. இருந்தது. கம்ப்யூட்டர் புரோகிராமை நம் சட்டம் இலக்கியப் படைப்பாகவே கணக்கில் வைக்கிறது, நாவலைப் போல, கவிதையைப் போல.

"காசு வாங்கல" என்ற வாதத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் நம்பப்படுவது இதுதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தக்க காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவிட்டு நீதிபதி இதைக் குறைக்கலாம். கவனியுங்கள், குறைக்கலாம். குற்றமே இல்லை என்று ஆகிவிடாது. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத வகைக் குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே விளையாடுபவருக்கும் 63பி என்று தனிப் பிரிவு இருக்கிறது. லாப நோக்கம் இல்லையென்றால் அதில் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். போலீஸ் ஜீப் வலங்கைமானுக்கு வருமா என்றால், வராது என்றுதான் என் கணிப்பு. ஆனால் 'வராது' வேறு, 'தப்பில்லை' வேறு.

தம்பி செய்த இரண்டாவது காரியம் எனக்கு இன்னும் உறுத்தியது. திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்களும் உள்ளே வரட்டும் என்று, சர்வரில் கணக்கைச் சரிபார்க்கும் இடத்தை ஒரு பேட்ச் (புரோகிராமை மாற்றும் சின்னக் கோப்பு) போட்டுத் திறந்துவிட்டிருந்தான். மைன்கிராஃப்டில் இதற்கு பேட்ச்கூட வேண்டாம், செட்டிங்ஸ் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். பையன்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது.

இந்தச் சரிபார்ப்பு விவகாரம் எவ்வளவு கனமானது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. பிளிசார்ட் நிறுவனத்தின் பேட்டில்.நெட் சர்வருக்கு மாற்றாக, பிநெட்டி என்ற பெயரில் சில ஆர்வலர்கள் சொந்தமாகவே ஒரு சர்வர் எழுதினார்கள். காசு வாங்கவில்லை. சோர்ஸ் கோட், அதாவது புரோகிராமின் மூல நிரலையும் வெளிப்படையாக வைத்தார்கள். ஆனால் விளையாட வருபவரின் சிடி கீ (கேமோடு வரும் சாவி எண்) உண்மையானதா என்று பார்க்க அந்த சர்வரால் முடியாது. திருட்டுப் பிரதியும் உள்ளே வரும். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பூட்டைத் தாண்டியது ஒரு காரணம். கேமை நிறுவும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கிய ஒப்பந்தத்தில் புரோகிராமைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று இருந்ததை மீறியது இன்னொன்று.

நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், தனியாக எழுதிய ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசத் தேவையான தகவலைக் கண்டறிய, முறையாக வாங்கியவருக்கு அனுமதி இருக்கிறது, அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது. ஆகவே சர்வரைச் சொந்தமாக எழுதுபவர் இங்கே வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆனால் அதைக் காட்டி கேம் கோப்புகளையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பிரிவு துணைக்கு வராது.

காசு விஷயத்தில் 'டொனேஷன்' என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. கரண்டு பில்லுக்கு என்று ஆரம்பிக்கும். அப்புறம் ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கு ஒரு நல்ல வாள், நூறு கொடுத்தவருக்கு குதிரை. அதன் பேர் நன்கொடை இல்லை, கடை. பிளிசார்டின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமுக்கு ஸ்கேப்கேமிங் என்ற பெயரில் இப்படி சர்வர் நடத்தியவருக்கு எதிராக 2010-இல் 8.8 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது. நம்மூரிலோ இன்னொரு வலை இருக்கிறது. ஆளுக்கு நூறு ரூபாய் நுழைவுக் கட்டணம், ஜெயித்தவருக்குப் பரிசுப் பணம் என்று ஆன்லைன் போட்டி வைப்பது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டத்தில் பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களுக்குத் தடை. திறமையா அதிர்ஷ்டமா என்று அது பார்ப்பதில்லை. பொங்கல் கபடிப் போட்டி மாதிரிதானே என்று இறங்கிவிடாதீர்கள்.

"அந்த கேமை மூடியே பத்து வருஷம் ஆச்சு, யாரு கேக்கப் போறா?" இதுவும் அடிக்கடி காதில் விழுகிறது. ஆள் வெளியூர் போய்விட்டால் வயல் புறம்போக்கு ஆகிவிடாது. இங்கே பதிப்புரிமை அறுபது ஆண்டுக் கணக்கு. கடையில் விற்கிறார்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேம் 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் 2019-இல் ஹோம்கமிங் என்ற சர்வரைத் திறந்தார்கள். தலைக்கு மேல் கத்தி தொங்கியபடியே ஓட்டி, கடைசியில் உரிமையாளரான என்சிசாஃப்டோடு பேசி 2024 ஜனவரியில் முறையான உரிமம் வாங்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்த கதை இது. ஆனால் எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. நோஸ்டல்ரியஸ் என்ற வார்கிராஃப்ட் சர்வர் 2016 ஏப்ரலில் வக்கீல் நோட்டீஸ் வந்ததும் இழுத்து மூடப்பட்டது. அதே பழைய ஆட்டத்தை 2019-இல் பிளிசார்டே 'கிளாசிக்' என்று வெளியிட்டது வேறு கதை.

சோர்ஸ் கோட் வெளியாகிவிட்டது என்பதாலேயே கேம் முழுக்க இலவசம் என்று எடுத்துக்கொள்வதும் பழைய தவறு. டூம் கேமின் சோர்ஸ் கோட் 1997-இலேயே வெளியானது. அதிலுள்ள படங்களும் லெவல்களும் இன்றும் உரிமையுள்ளவை. அந்த இடத்தை நிரப்பத்தான் ஃப்ரீடூம் என்று தனியாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜிப் பண்ணி ஊருக்கே கொடுத்துதான் தீருவேன் என்பவருக்கு ஃப்ரீடூம், ஸோனாட்டிக், லுவான்டி, 0 ஏ.டி. என்று இலவச கேம்கள் இருக்கின்றன. அவற்றைப் பகிர்வதற்கு உரிமமே அனுமதிக்கிறது.

லிங்க் கொடுக்கும் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் 'எல்லா உரிமையும் அந்தந்த நிறுவனத்துக்கே' என்று போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தெரிந்தேதான் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி அது. கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் மெயில் வந்தால் திட்டிப் பதில் போடாதீர்கள், ஸ்பேமில் தள்ளாதீர்கள். சொன்ன கோப்பை உடனே இறக்குங்கள், மெயிலைப் பத்திரப்படுத்துங்கள், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

தம்பி அங்கேயே ஃபோனை எடுத்து டிரைவ் லிங்க்கை அழித்தான். பேட்சை எடுக்கத்தான் மனசு வரவில்லை. "எடுத்தா பாதிப் பேரு வரமாட்டானுங்கண்ணே" என்றான். ஒரு வாரம் கழித்து எடுத்துவிட்டேன் என்று மெசேஜ் போட்டான். பத்தொன்பது பேரில் எட்டுப் பேர் கேமை வாங்கியிருக்கிறார்களாம். மிச்சப் பேருக்கு ஸோனாட்டிக் சர்வர் ஒன்று அதே சிஸ்டத்தில் ஓடுகிறது. மெசேஜின் கடைசி வரியில், இரண்டு சர்வரும் ஓடுவதால் யுபிஎஸ் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை, பேட்டரி என்ன விலை என்று கேட்டிருந்தான்.