சேலத்து வீட்டுக்கு டைல்ஸா, மரத்தரையா?

கடைக்குப் போய் மாதிரிகளைப் பார்ப்பதற்கு முன், வீட்டுத் தரையின் ஈரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. கீழே சேலத்தில் வெயிலும், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் பனியும் ஈரமும் இருப்பதால், ஓரிடத்துக்குப் பொருந்தும் தரை மற்றோரிடத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

முதலில், இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சிமென்ட் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவையுங்கள். உரித்துப் பார்க்கும்போது தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, சிமென்ட் கருத்திருந்தாலோ, அந்த அறைக்கு மரம் வேண்டாம். சித்திரையில் செய்த சோதனையை நம்பி ஐப்பசியில் ஏமாறாதீர்கள்; மழைக்காலத்திலும் ஒருமுறை செய்துபாருங்கள்.

அடுத்து, தண்ணீர் புழங்கும் அறைகளைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாளியில் நீர் ஊற்றிக் கழுவிவிடும் பழக்கம் நமக்கு உண்டு என்பதால், சமையலறைக்கும் கூடத்துக்கும் அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைடு டைல்ஸே ஏற்றது. அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. குளியலறைக்கு வழுக்காத சொரசொரப்பு வகை போதும்.

மார்கழிக் குளிரில் வெறுங்காலை வைக்க முடியாத ஏற்காட்டுப் படுக்கையறைக்கு மரத்தரை இதமானது என்பது என் கருத்து. ஆனால் மலிவாகக் கிடைக்கும் லேமினேட் பலகையின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் நார். எங்கள் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் கவிழ்ந்ததைக் காலையில்தான் கவனித்தோம். இணைப்பு விளிம்புகள் உப்பிப்போய், காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கரையான் மருந்தையும் மரம் பதிப்பதற்கு முன்பே அடித்துவிட வேண்டும்.

அளவுக் கணக்கு எளிது: 12க்கு 10 அடி அறை 120 சதுர அடி; வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 132.

பலகைப் பெட்டிகளை 48 மணி நேரம் அந்த அறையிலேயே கிடத்தி வைத்த பின்னரே பதிக்க வேண்டும். ஈரத்தில் விரிய இடம் வேண்டும் என்பதால் சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் (சுவரடியில் ஒட்டும் பட்டை) மறைக்கலாம். டைல்ஸ் என்றால், கலவை இறுகியதும் ஒரு நாணயத்தால் மூலைக்கு மூலை தட்டிக் கேளுங்கள். 'டொக்டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கும் கல்லைக் கூலி கொடுப்பதற்கு முன்பே கொத்தனாரிடம் காட்டி, பெயர்த்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள்.