மனநல நோயாளிக்கு ரத்தம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ரத்தம் எடுக்கும் வேலைக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள். சர்க்கரை, கொழுப்பு, டெங்கி என்று குவியும் பாரங்களுக்கு (பரிசோதனைப் படிவங்களுக்கு) நடுவே வாரத்துக்கு நாலைந்து பாரங்கள் மனநல டாக்டரிடமிருந்து வரும். இந்த வருடம் பயிற்சிக்கு வந்திருக்கும் மூன்று பிள்ளைகளும் அந்தப் பாரங்களில்தான் தடுமாறுகிறார்கள். அவர்கள் செய்கிற ஒவ்வொரு தவறையும் நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன், அதனால்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பெயர் மாற்றி ஒட்டுவது, கையை அதிக நேரம் இறுக்கிக் கட்டுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதைக் கல்லூரியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

ரத்தத்தில் நோயின் பெயரைத் தேடுவது

போன மாதம் ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "டிப்ரெஷனா, இல்ல அந்த பைப்போலாரா, ரத்தத்துல பாத்து சொல்லிடுங்கம்மா" என்றார். என் பயிற்சிப் பிள்ளை "ரிசல்ட் வந்தா தெரிஞ்சிடும் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டாள். நல்ல மனதோடுதான் சொன்னாள், ஆனால் அது பொய்யான வாக்கு.

டிப்ரெஷன் என்றால் மனச்சோர்வு. பைப்போலார் என்றால் மனம் சில காலம் சோர்ந்தும் சில காலம் எகிறியும் மாறுகிற நோய். இரண்டையும் பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை நம் கிளினிக்குகளில் இல்லை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி.யை எடுத்துக்கொள்வோம். 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. மீதி மூன்று பேருக்குத் தாண்டவில்லை, அவர்களுக்கும் அதே நோய்தான். அதே 3 ஈறு நோயிலும் வரும், உடல் பருமனிலும் வரும், சிகரெட்டிலும் வரும். பைப்போலாரில் மனம் எகிறிக் கிடக்கும் நாட்களிலும் ஏறும். பி.டி.என்.எஃப். என்ற மூளை வளர்ச்சிப் புரதம் இரண்டு நோயிலுமே குறைந்து தெரிகிறது, ஆகவே அதை வைத்தும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த ஆசை புதிதும் அல்ல. 1981இல் மனநல டாக்டர் பெர்னார்ட் கேரல் குழுவினர், இரவில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து மறுநாள் கார்டிசோல் என்ற ஹார்மோனை அளந்தால் கடுமையான மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மறதி நோயிலும், எடை குறைந்தவர்களிடமும், குடியை விட்டவர்களிடமும் அதே முடிவு வரத் தொடங்க, அது மெல்ல ஓரமாகிப் போனது.

அந்த அம்மாவிடம் நான் வேறொன்று கேட்டேன். மகன் தொடர்ந்து நாலைந்து நாள் சரியாகத் தூங்காமல், ஆனால் களைப்பே இல்லாமல், வழக்கத்தை விட வேகமாகப் பேசிக்கொண்டு இருந்தது உண்டா? அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தீபாவளிக்கு முன்னாடி ஒரு வாரம்..." என்று ஆரம்பித்தார். அதை அப்படியே டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். பைப்போலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் மனம் எகிறிவிடக்கூடும். அந்த ஒரு வாரத்தைப் பற்றிய தகவல் எந்தக் குழாயிலும் வராது.

பச்சை மூடி

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். செம்பனை (பாமாயில்) ஆலையில் வேலை பார்த்த ஓர் அண்ணன், பைப்போலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வந்தார். ஒன்பது வருடமாக அந்த மாத்திரையில் நிம்மதியாக இருந்தவர். பாரத்தில் சிறுநீரகப் பரிசோதனையும் சேர்த்து எழுதியிருந்தது. நான் பச்சை மூடிக் குழாயை எடுத்தேன், சிறுநீரகத்துக்கு அது போதும். மஞ்சள் மூடியில் எடுத்தால் ரத்தம் உறைய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரத்தப் பெட்டியை லேபுக்குக் கொண்டுபோகும் தம்பி மோட்டாரை முடுக்கிக்கொண்டு வாசலில் நின்றான். ஒரே குழாயில் இரண்டையும் அனுப்பிவிட்டேன். அதுவும் பாதிக் குழாய்தான் நிறைந்திருந்தது.

பச்சை மூடிக் குழாயின் உள்சுவரில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து தடவியிருக்கும். அதன் பெயர் லித்தியம் ஹெப்பாரின். பெயரிலேயே இருக்கிறது! லித்தியம் அளக்கப் போகிற ரத்தத்தை லித்தியம் பூசிய குழாயில் ஊற்றுகிறோம். இதனால் அளவு லிட்டருக்கு 1 முதல் 4 மில்லிமோல் வரை பொய்யாக ஏறலாம், ரத்தம் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். நோயாளிக்கு இருக்க வேண்டியதே 0.6க்கும் 1.0க்கும் நடுவில். 1.5ஐத் தாண்டினாலே விஷம் என்று பயப்பட வேண்டும்.

அவருக்கு வந்தது 2.4. டாக்டர் போனிலேயே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த எண்ணைப் பார்த்த எந்த டாக்டரும் அதைத்தான் செய்வார்.

நிஜமாகவே 2.4 இருந்தால் கை வெடவெடவென்று நடுங்கும், நாக்கு குழறும், வயிற்றுப்போக்கு இருக்கும், நடை தள்ளாடும். அந்த அண்ணன் என் முன்னால் உட்கார்ந்து பாரத்தில் கையெழுத்துப் போட்டார். நூல் பிடித்த மாதிரி நேரான கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு சுழி. அந்தத் தாளை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன். எண் வந்த அன்று அந்தக் கையெழுத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்திருந்தால் போதும், "குழாயைச் சரிபாருங்கள்" என்று சொல்லியிருப்பேன்.

லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். மூன்றாவது வாரம் அவர் ராத்திரி முழுக்க லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீடு வீடாகத் தட்டிக் கடை திறக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. பிறகு தஞ்சோங் ரம்புத்தான். 1911 முதல் அங்கே மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் நம் பக்கம் அந்த ஊர்ப் பெயரையே வசையாகச் சொல்வார்கள். ஒன்பது வருடம் ஆலையில் யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம் ஒரே நாளில் தெரிந்துபோனது. குணமாகி வந்த பிறகும் அவர் அந்த ஆலைக்குத் திரும்பவில்லை.

வார்டில் மறுபடி பழைய அளவு மாத்திரைதான் கொடுத்தார்கள். சரியான குழாயில் எடுத்தபோது 0.7. அப்போதுதான் யாரோ போன் செய்து, "அன்றைக்கு எந்த மூடி?" என்று கேட்டார்கள்.

போன வாரம் பயிற்சிப் பிள்ளை ஒருத்தி லித்தியத்துக்குப் பச்சை மூடியை எடுத்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். "ரெண்டும் ரத்தம்தானே அக்கா, சீக்கிரம் போகட்டும்னு பாத்தேன்" என்றாள். அப்போது என் குரல் உயர்ந்துவிட்டது. அப்புறம் அவளை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். லித்தியம் என்றால் மஞ்சள் அல்லது சிவப்பு மூடி. பெட்டி போய்விட்டால் அடுத்த பெட்டியில் போகட்டும்.

கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்காதது

லித்தியம் அளவு, கடைசி மாத்திரை போட்டுப் 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் செல்லும். இரவு ஒன்பதுக்குப் போட்டவருக்குக் காலை ஒன்பது. காலையிலும் மாத்திரை உள்ளவர் ரத்தம் கொடுத்த பிறகுதான் அதைப் போட வேண்டும். நம் ஆட்கள் டாக்டர் திட்டுவாரோ என்று ரொட்டி சானாயோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

வெயில், உப்பு, வலி மாத்திரை

செம்பனைக் குலை வெட்டுகிறவர் வியர்த்துக் கொட்டினாலும், பிரஷருக்காக உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும், முட்டி வலிக்கு இபுபுரோஃபென் போட்டாலும் லித்தியம் உடம்பில் தேங்கும். இதில் வரும் உயர்ந்த எண் நிஜமானது. மூன்றையும் கேட்டு எழுதி அனுப்புங்கள்.

தைராய்டை விட்டுவிடுவது

தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும், லித்தியமே தைராய்டைக் குறைக்கவும் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு பரிசோதனை.

"நார்மல்தான், ஒண்ணுமில்ல" என்பது

சொல்லாதீர்கள். ரத்தம் நார்மலாக இருந்தாலும் மனநோய் இருக்கலாம்.

பாரத்தில் இடமில்லை என்று விடுவது

ஓரத்தில் எழுதலாம். நான் இப்படி எழுதுகிறேன்: "மாத்திரை நேற்று இரவு 9.00. ரத்தம் இன்று காலை 9.10. மஞ்சள் மூடி. கை நடுக்கம் இல்லை."