ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டும் முன்

பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பின் ரிசல்ட் வந்த வாரமே பலருக்குப் பெயருக்கு முன்னால், ஆர்க்கிடெக்ட் என்பதன் சுருக்கமாக ‘ஆர்.’ முளைத்துவிடுகிறது. எங்கள் செட்டில் பாதிப் பேர் செய்ததுதான். ஐந்து வருடம் படித்தாயிற்றே என்பார்கள். 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்துக்கு அது போதாது. அந்தச் சட்டப்படி ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை நீங்கள் பட்டதாரி, அவ்வளவுதான்.

ஒருவர் பதிவை வைத்து மூவருக்குப் போர்டு

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பதிவு பெற்ற ஒருவர், சிவில் இன்ஜினீயர் நண்பர், இன்டீரியர் செய்கிற இன்னொருவர். மூவரும் பார்ட்னராகி, நிறுவனப் பெயரில் ‘ஆர்க்கிடெக்ட்ஸ்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். ‘ஒருவருக்குப் பதிவு இருக்கிறதே’ என்பார்கள். அது போதாது; பார்ட்னர்கள் எல்லாரும் பதிவு பெற்றிருந்தால்தான் அந்தப் பெயர் செல்லும்.

என்னிடம் வேலை பார்த்துத் தனியாகப் போன பெண் ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். ‘டிசைன் ஸ்டூடியோ’ என்று வையம்மா என்றேன். “கெத்தா இருக்காது சார்” என்றார். ஒரு வீட்டு வேலை முடிந்து கடைசித் தவணையைக் கேட்டபோது, வீட்டுக்காரரின் வக்கீல் பார்ட்னர்களின் பதிவு எண்களைக் கேட்டார். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் புகார் போய்விடுமோ என்ற பயத்தில் பணத்தை விட்டுவிட்டார்கள். போர்டு, லெட்டர்ஹெட், சீல் எல்லாம் மாற்றிய செலவு தனி.

பதிவு வந்ததும் வரும் மிதப்பு

‘பதிவு இல்லாதவர் டிசைனே செய்யக் கூடாது’ என்று சிலர் கிளம்புவார்கள். சட்டத்தின் 37-ஆம் பிரிவு தடுப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரை மட்டும்தான் என்று, டெல்லியை ஒட்டிய நொய்டா நகரின் வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பின்படி, பதிவு இல்லாதவர் வகிக்கும் பதவிக்கு ‘அசோசியேட் ஆர்க்கிடெக்ட்’ என்று பெயர் வைக்கவும் முடியாது. ஆகவே ஆஃபர் லெட்டரில் ‘ஜூனியர் ஆர்க்கிடெக்ட்’ என்று பார்த்துக் குஷியாகும் முன் பதிவை முடியுங்கள். அனுமதிக்குப் போகும் பிளானில் யார் கையெழுத்துப் போடலாம் என்பது வேறு கதை; அதை உள்ளூர்க் கட்டட விதிகளில் பாருங்கள்.

புதுப்பிக்க மறப்பது

கட்டணம் கட்டாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும்.

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டிடம் சண்டை

செடி, மரம், திறந்தவெளி வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்களுக்கும், கப்பல் வடிவமைக்கும் நேவல் ஆர்க்கிடெக்ட்களுக்கும் இந்தப் பெயர்த் தடையிலிருந்து சட்டத்திலேயே விலக்கு உண்டு. புகார் எழுதும் முன் அதையும் படித்துவிடுங்கள்.